குசினிக் கேள்வி பதில்: ஓவனுக்க வேகுற பழு எலும்பு

இந்த முறை வந்த கேள்வியளில முக்கால்வாசி இறைச்சியச் சுத்தித்தான் வந்திருக்கு. முதலாவது கடிதம் கொஞ்சம் நீளம், ஆனா அத வெட்ட எனக்கு மனம் வரேல்ல, அப்பிடியே போடுறன்.

கேள்வி (முரசுமோட்டையில இருந்து ஒரு தம்பி): அன்ரி, எனக்கு 22 வயசு. அம்மா ரெண்டு வருசமா குவைத்தில வேலை செய்யிறா, வீட்டில நானும் அப்பாவும் மட்டும்தான். முதல் கொஞ்ச நாள் கடைச் சாப்பாடு எடுத்தம், அது கட்டுப்படியாகேல்ல, பிறகு நானே சோறு, பருப்பு, முட்டைப்பொரியல் எண்டு பழகி இப்ப மீன்குழம்பு வரைக்கும் வந்திட்டன். வாற மாசம் கனடாவில இருந்து மச்சான் வாறான், அவன் போனில கதைக்கிற நேரமெல்லாம் அங்க சாப்பிடுற பார்பிகியூ ரிப்ஸ் பற்றித்தான் கதை, அதால ஒரு 30 லீற்றர் கரண்ட் ஓவன் வாங்கினன். போன ஞாயிறு ஒரு கிலோ பன்றிப் பழு எலும்பு வாங்கி, கடையில வித்த சோஸ் போத்தில் ஒண்டு முழுக்கப் பூசி 220 டிகிரியில ஒரு மணித்தியாலம் வைச்சன். வெளியால கரி, உள்ளுக்க செருப்புத் தோல் மாதிரி. அப்பா ஒண்டும் சொல்லாமல் சாப்பிட்டார், அதுதான் எனக்குக் கூடக் கவலை. நான் எங்க பிழை விட்டனான்?

பதில்: தம்பி, ரெண்டு வருசமா தகப்பனுக்கு உலை வைக்கிற பிள்ளைக்குச் சமைக்கத் தெரியாதெண்டு ஆரும் சொல்ல ஏலாது, அத முதல்ல மனசில வையுங்கோ. நீங்கள் விட்ட பிழை ரெண்டுதான், ரெண்டும் நெருப்பில விட்ட பிழை.

பழு எலும்புக்கு இடையில இருக்கிற தசை, அந்த உயிர் மூச்சு விட்ட நேரமெல்லாம் அசைஞ்சு வேலை செய்த தசை. வேலை செய்த தசைக்குள்ள சவ்வு கனக்க ஓடும், அந்தச் சவ்வில இருக்கிற புரதத்துக்குக் கொலாஜன் எண்டு பேர். உள்ளுக்க சூடு 70 டிகிரியத் தாண்டத்தான் அது மெல்ல மெல்லக் கரைஞ்சு ஜெலற்றினா மாறத் துவங்கும், 90க்கும் 95க்கும் இடையில வரேக்கதான் இறைச்சி எலும்ப விட்டு இளகும், அதுக்கு வெக்கை மட்டும் காணாது நேரமும் வேணும். பன்றி இறைச்சித் துண்டு 63 டிகிரிக்கு வந்து 3 நிமிசம் ஆறினால் சாப்பிடலாம் எண்டு அமெரிக்க விவசாயத் திணைக்களம் சொல்லுது, அது கிருமிக்குச் சொன்ன கணக்கு, பல்லுக்குச் சொன்ன கணக்கில்ல. நீங்கள் 220ல வைச்ச உடன வெளித்தசை சுருங்கி தன்ர தண்ணியெல்லாத்தையும் பிழிஞ்சு விட்டிட்டுது, சவ்வு கரையிறதுக்கு முதலே இறைச்சி காஞ்சு போச்சுது. மற்றது சோஸ். அதில கனக்கச் சீனி இருக்கு, சீனி 160 டிகிரி அளவில நிறம் மாறத் துவங்கி அங்கால கைச்சுக் கரியாப் போகும். சோஸ் கடைசிப் பத்துப் பதினைஞ்சு நிமிசத்துக்கு மட்டும்தான்.

உங்கட மச்சான் சாப்பிட்ட சாமான் எங்க இருந்து வந்ததெண்டும் தெரிஞ்சு வைச்சிருங்கோ, அது தெரிஞ்சால் சமையல் லேசா விளங்கும். பார்பிகியூ எண்ட சொல்லு கரீபியன் தீவுகளில இருந்த தைனோ மக்கள்ட பார்பகோவா எண்ட சொல்லில இருந்து ஸ்பானிஷ்காரர் வழியா வந்தது, தடியளால தட்டி கட்டி அதுக்கு மேல இறைச்சிய வைச்சு கீழ நெருப்பு மூட்டுற முறை அது. எங்கட வன்னிக் காட்டோரத்தில வேட்டை இறைச்சியத் தட்டியில பரப்பிக் கீழ தணல் போட்டு வாட்டின ஆக்களுக்கு இது புதுக்கதை இல்ல. பிறகு அமெரிக்காவின்ர தெற்கு மாநிலங்களில, அடிமையா வைச்சிருந்த ஆபிரிக்க மக்கள்ட கையாலதான் அது பெரிய சமையலா வளந்தது. மலிவான துண்டு, கடினமான துண்டு, அத விறகுத் தணலில 110, 120 டிகிரி அளவில அஞ்சாறு மணித்தியாலம் புகையோட வைச்சு இளக்கிறது. மெம்பிஸ் எண்ட ஊரில காஞ்ச மசாலாவ மட்டும் தேய்ச்சுச் செய்யிறதும் உண்டு, கன்சாஸ் சிற்றிப் பக்கம் தக்காளியும் கரும்புப்பாகும் சேந்த தடிச்ச இனிப்புச் சோஸ், கரோலினாப் பக்கம் வினாகிரிப் புளிப்பு. உங்கட மச்சான் சொல்லுறது அநேகமா அந்த இனிப்புச் சோஸ் வகை, கடையளில போத்திலில விக்கிறதில கனக்க அந்த வகைதான்.

இப்ப செய்முறைக்கு வருவம். இறைச்சிக்கடையில துண்டு துண்டா வெட்ட விடாதேங்கோ, பலகை மாதிரி முழுசா வேணுமெண்டு சொல்லுங்கோ, அவை கத்திய ஓங்கிறதுக்கு முதலே சொல்ல வேணும். முதுகெலும்புப் பக்கத்துத் துண்டு சின்னன், வளைஞ்சிருக்கும், கொழுப்புக் குறைவு, கெதியா வேகும். வயித்துப் பக்கத்துத் துண்டு பெரிசு, தட்டையா இருக்கும், கொழுப்புக் கூட, நேரமும் கூட எடுக்கும், ஆனா ருசி அதிலதான் எண்டு நான் நினைக்கிறன். மூண்டு நாலு பேருக்கு ஒண்டரைக் கிலோ காணும். எலும்புப் பக்கத்தைத் திருப்பிப் பாத்தால் கண்ணாடித் தாள் மாதிரி ஒரு சவ்வு ஒட்டிக்கொண்டிருக்கும், அது எவ்வளவு வெந்தாலும் ரப்பர் மாதிரித்தான் நிக்கும், மசாலாவையும் உள்ளுக்க விடாது. கரண்டிக் காம்பால ஒரு எலும்பு நுனியில கிளப்பி, வழுக்கும் எண்டபடியா ஒரு துணியால பிடிச்சு இழுத்தால் ஒரே இழுவையில வந்திடும். நீங்கள் இதச் செய்திருக்க மாட்டியள் எண்டு நினைக்கிறன்.

தேய்க்கிற மசாலாவுக்கு அமெரிக்காக்காரர் மண்ணிறச் சீனி போடுவினம், நான் பனங்கட்டிதான் போடுறனான், பனங்கட்டியில ஒரு புகைமணம் தன்பாட்டில இருக்கு. ஒண்டரைக் கிலோவுக்குத் தூளாக்கின பனங்கட்டி மூண்டு மேசைக்கரண்டி, உப்பு ஒரு மட்ட மேசைக்கரண்டி, மிளகுதூள் ஒண்டரைத் தேக்கரண்டி, தனிமிளகாய்த்தூள் ரெண்டு தேக்கரண்டி, வறுத்து அரைச்ச மல்லி ஒரு தேக்கரண்டி, நற்சீரகம் அரைத் தேக்கரண்டி, அரைச்ச கடுகு ஒரு தேக்கரண்டி, உள்ளி ஏழெட்டுப் பல்லு நசிச்சது. வீட்டில வறுத்து இடிச்ச கறித்தூளப் போடாதேங்கோ, அது அருமையான தூள், ஆனா பெருஞ்சீரகமும் கருவேப்பிலையும் சேந்து இதக் கறியாக்கிப் போடும். ரெண்டு பக்கமும் வடிவாத் தேய்ச்சு, மூடி, இரவு முழுக்கப் பிரிட்ஜில வையுங்கோ, உப்பு உள்ளுக்க இறங்கிறதுக்கு நேரம் வேணும். பிரிட்ஜ் இல்லாட்டி ஒரு மணித்தியாலம் ஊற வைச்சுப் போட்டு உடன வைக்கலாம், எங்கட வெக்கைக்குப் பச்சை இறைச்சிய அதுக்கு மேல வெளியில வைச்சிருக்கக் கூடாது.

ஓவன 150 டிகிரியில பத்துப் பதினைஞ்சு நிமிசம் வெறுமையாச் சூடாக்குங்கோ. இறைச்சிய இறைச்சிப் பக்கம் மேல வாறமாதிரி ஃபொயில் பேப்பரில வைச்சு, ரெண்டு மேசைக்கரண்டி தண்ணியும் ஒரு மேசைக்கரண்டி தென்னை வினாகிரியும் விட்டு, ரெண்டு சுத்துச் சுத்தி ஓரத்தை இறுக்கி மடியுங்கோ, ஆவி வெளியால போகக் கூடாது. இறைச்சியில இருந்து தண்ணி ஆவியாப் போகப் போக அது தன்னைத் தானே குளிராக்கிக்கொண்டே இருக்கும், வேர்வை எங்களக் குளிராக்கிற மாதிரி, அத மறிக்கத்தான் இந்தப் பேப்பர். 30 லீற்றர் ஓவனில கம்பி சரியாக் கிட்ட இருக்கும், அதால தட்டை நடுவுக்குக் கீழ வையுங்கோ, பேப்பர் மேல் கம்பியில முட்டப்படாது. பலகை முழுசாக் கொள்ளாட்டி ரெண்டா வெட்டலாம், அதால ஒரு குறையும் வராது. முதுகுப் பக்கத் துண்டெண்டால் ரெண்டு மணித்தியாலம், வயித்துப் பக்கமெண்டால் ரெண்டரையில இருந்து மூண்டு. சின்ன ஓவனில இலக்கத்தில காட்டுறது ஒண்டு, உள்ளுக்க இருக்கிற சூடு இன்னொண்டு, இருவது முப்பது டிகிரி வித்தியாசம் வாறது புதினமில்ல, அதால மணிக்கூட்ட மட்டும் நம்பாமல் இறைச்சியக் கேளுங்கோ. இறைச்சி சுருங்கி எலும்பு நுனி ஒரு விரல்நகம் அளவு வெளிய தெரிய வேணும், ரெண்டு எலும்புக்கு நடுவில கத்தி நுனிய விட்டால் கட்டி வெண்ணெயில போற மாதிரிப் போக வேணும், ஒரு எலும்பப் பிடிச்சுத் திருகினால் லேசா அசைய வேணும். எலும்பு கழண்டு கையோட வந்தால் கூட வெந்திட்டுது, அமெரிக்காவில நடக்கிற போட்டியளில அதக் குறையாத்தான் பாப்பினம், ஆனா வீட்டில வயசுபோன ஆக்கள் இருந்தால் அப்பிடி வேகிறதுதான் நல்லது, அப்பாவின்ர பல்லப் பாத்து முடிவெடுங்கோ.

சோஸ் நீங்களே செய்யுங்கோ, கடைப் போத்தில் விலைக்கு ரெண்டு தரம் செய்யலாம். தக்காளி சோஸ் ஒரு கப், தென்னை வினாகிரி கால் கப், பனங்கட்டி கால் கப், சோயா சோஸ் ஒரு மேசைக்கரண்டி, கெட்டியாக் கரைச்ச பழப்புளி ஒரு மேசைக்கரண்டி, அரைச்ச கடுகு, தனிமிளகாய்த்தூள், உள்ளி, கொஞ்ச மிளகு. அமெரிக்காக்காரர் வூஸ்டர் சோஸ் எண்டு ஒண்டு விடுவினம், அதிலயும் புளியும் வினாகிரியும் நெத்தலி மாதிரி ஒரு மீனும்தான் இருக்கு, எங்கட பழப்புளியும் சோயாவும் அந்த இடத்துக்கு வடிவாக் காணும். எல்லாத்தையும் அடி தடிச்ச சட்டியில போட்டு மெல்லிய நெருப்பில ஒரு கால் மணித்தியாலம் கிண்டிக்கிண்டி விட, கரண்டி முதுகில ஒட்டுற பதம் வரும். ஓவனில இருந்து எடுத்த பேப்பருக்க தேங்கி நிக்கிற சாற்ற ஊத்திப் போடாதேங்கோ, மேல மிதக்கிற கொழுப்ப வழிச்செடுத்துப் போட்டு அதில மூண்டு நாலு மேசைக்கரண்டிய இந்தச் சோஸுக்க விட்டுப் பாருங்கோ.

இப்ப பேப்பரத் திறந்து, ஓவன 200க்கு ஏத்தி, மெல்லிசா ஒரு பூச்சு, ஏழு நிமிசம், திரும்ப ஒரு பூச்சு, இன்னும் ஏழு நிமிசம். கிட்ட நில்லுங்கோ, இந்த நேரத்தில போன் பாக்கக் கூடாது. ஓரங்கள் குமிழ் விட்டுக் கறுக்கத் துவங்கேக்க எடுத்திடுங்கோ. பத்து நிமிசம் ஆற விட்டு எலும்புக்கு எலும்பு வெட்டுங்கோ.

ஓவனில புகைமணம் வராது, அத மறைக்காமல் மச்சானுக்குச் சொல்லலாம். வேணுமெண்டால் ஒரு சிரட்டைக்கரித் துண்ட நல்லாச் சிவக்க வைச்சு, சின்ன எவர்சில்வர் பேணியில போட்டு இறைச்சித் தட்டுக்கு நடுவில வைச்சு, கரியில ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு அஞ்சு நிமிசம் மூடி வையுங்கோ, புகை இறைச்சியில ஏறும். இத முத்தத்தில வைச்சுச் செய்யுங்கோ, பூட்டின குசினிக்குள்ள கரி எரிக்கக் கூடாது, அந்தப் புகை உயிருக்கு ஆபத்து.

கரண்ட் பில் எண்டு அப்பா யோசிச்சால், 1500 வாட் ஓவன் மூண்டு மணித்தியாலம் விடாமல் எரிஞ்சாலும் நாலரை யூனிட், உண்மையில சூடு வந்ததும் தன்பாட்டில அணைஞ்சு அணைஞ்சு எரியிறபடியா அதவிடக் குறையத்தான் போகும்.

மச்சானுக்கு வைக்கிறதுக்கு முதல் அப்பாவுக்கு ஒருக்கால் செய்து குடுங்கோ. அண்டைக்கு ஒண்டும் சொல்லாமல் சாப்பிட்ட மனுசன் இண்டைக்கு ரெண்டாம் தரம் கேக்கிறாரோ எண்டு பாருங்கோ. அம்மா லீவில வாறதுக்கு முதல் இது கைக்கு வந்திடும்.

கேள்வி (பம்பைமடுவில தங்கிப் படிக்கிற ஒரு தங்கச்சி): அன்ரி, எங்கட ஊர் மல்லாவி. வீட்டில நான்தான் கடைக்குட்டி, அம்மாவும் அக்காமாரும் என்னைக் குசினிக்கு விடவே இல்ல, படி படி எண்டு சொல்லியே வளத்தினம். இப்ப வவுனியாப் பல்கலைக்கழகத்தில படிக்கிறன், நாலு பேர் சேந்து ஒரு வீடு எடுத்திருக்கிறம். மற்ற மூண்டு பேரும் சமைப்பினம், எனக்கு வெங்காயம் வெட்டவும் தெரியாது. யூரியூப்பில பாத்துப் பாத்து ஒவ்வொரு நாளும் புதுசு புதுசாச் செய்து எல்லாம் பிழைச்சுப் போகுது. எதில துவங்கிறது?

பதில்: தங்கச்சி, ஒவ்வொரு நாளும் புதுசு செய்யிறதுதான் பிழை. பாட்டுப் படிக்கிற பிள்ளை ஒரே வரிசைய எத்தினை தரம் பாடும், அது மாதிரித்தான் இதுவும். ஒரு மாசத்துக்கு பருப்புக்கறி மட்டும் உங்கட பொறுப்பெண்டு கூட்டாளியளிட்டச் சொல்லுங்கோ. பருப்பு எண்டால் சின்ன விசயம் இல்ல. எவ்வளவு தண்ணிக்கு எவ்வளவு நேரம், எப்ப உப்புப் போடுறது, தேங்காய்ப்பால் விட்டாப் பிறகு கொதிக்க விட்டால் ஏன் திரையுது, தாளிக்கேக்க கடுகு வெடிச்ச பிறகு செத்தல் மிளகாய் எத்தினை நொடியில கறுக்குது, இவ்வளவையும் ஒரே சட்டியில படிக்கலாம், பருப்பு மலிவு எண்டபடியா பிழைச்சாலும் நெஞ்சு நோகாது. பத்தாம் தரம் செய்யேக்க உங்கட கை தன்பாட்டில உப்ப அள்ளும்.

அடுத்தது சொதி, பிறகு சம்பல், பிறகு ஒரு வதக்கல். இந்த நாலோட சோறு வடிக்கத் தெரிஞ்சால் நீங்கள் பட்டினி கிடக்க மாட்டியள். வெங்காயம் வெட்டுறதுக்குக் கத்தி கூரா இருக்க வேணும், மொட்டைக் கத்திதான் விரலப் பதம் பாக்கிறது, வெங்காயத்தைப் பாதியாப் பிளந்து தட்டையான பக்கத்தைப் பலகையில வைச்சிட்டால் உருளாது, பிடிக்கிற கையின்ர விரல் நுனியள உள்ளுக்க மடிச்சுப் பிடியுங்கோ. வீட்டில அருவாளில வெட்டிப் பழகின ஆக்கள் நக்கல் அடிப்பினம், அடிக்கட்டும்.

நாக்கப் பழக்கிறதுதான் கனக்கப் பேர் செய்யாத வேலை. ஒவ்வொரு சாமான் போட்டாப் பிறகும் ஒரு துளி உள்ளங்கையில விட்டு நக்கிப் பாருங்கோ, அப்பத்தான் புளி விட்டாப் பிறகு என்ன மாறினது எண்டு தெரியும். கடைசியில மட்டும் ருசி பாத்தால் பிழை எங்க நடந்ததெண்டு கண்டுபிடிக்க ஏலாது. நெருப்பையும் பாருங்கோ, புதுசாச் சமைக்கிற பிள்ளையள் எல்லாரும் காஸ் அடுப்ப முழுக்கத் திறந்து வைச்சுப் போட்டு நிப்பினம், வெங்காயம் வெளியால கருகி உள்ளுக்க பச்சையா நிக்கும், மேல முரசுமோட்டைத் தம்பிக்கு நடந்ததும் அதேதான். அம்மாவுக்கு போன் எடுத்து என்ன போடுறது எண்டு கேக்காதேங்கோ, போட்டாப் பிறகு என்ன மணம் வரும், என்ன சத்தம் வரும் எண்டு கேளுங்கோ, அது எந்த வீடியோவிலயும் வராது, அம்மாவுக்கும் நீங்கள் அப்பிடிக் கேக்கிறது சந்தோசமா இருக்கும்.

கேள்வி (புதுக்குடியிருப்பில இருந்து ஒரு தாய்): எங்களிட்ட ஓவன் இல்ல, வாங்கிறதுக்கும் இப்ப வசதி இல்ல. பிள்ளையள் ரீவியில பாத்திட்டு இந்த எலும்பு இறைச்சியக் கேக்குதுகள். விறகடுப்பில செய்யலாமோ?

பதில்: வடிவாச் செய்யலாம் அக்கா, உங்களுக்கு இது என்னை விட நல்லாத் தெரிஞ்சிருக்கவும் கூடும். 90களில சண்டைக் காலத்தில கரண்டும் இல்லாமல், மண்ணெண்ணெயும் தட்டுப்பாடாகி ஜாம் போத்தில் விளக்கில நாங்கள் இருந்த காலத்திலயும் இஞ்ச பிறந்தநாள் கேக் வேகத்தான் செய்தது. பெரிய சட்டிக்க மணலப் பரப்பி, அத நல்லாச் சூடாக்கி, நடுவில கேக் சட்டிய இறக்கி, மூடியப் போட்டு மூடிக்கு மேலயும் தணல் வைச்சு எடுத்தம். அதுவும் ஓவன்தான். கீழயும் மேலயும் ஒரே அளவு வெக்கை வாற எந்தப் பெட்டியும் ஓவன்தான்.

அதே முறையில இறைச்சியையும் வேக வைக்கலாம், ஆனா மூண்டு மணித்தியாலம் தணலப் பாத்துக்கொண்டு நிக்கிறது பிள்ளையளோட கஷ்டம். அதால லேசான வழி ஒண்டு சொல்லுறன். மசாலா தேய்ச்ச பழு எலும்ப ஃபொயில் பேப்பரிலயோ வாழை இலையிலயோ இறுக்கிச் சுத்தி, இடியப்பம் அவிக்கிற பானையில தட்டு வைச்சு ஆவியில ஒண்டரையில இருந்து ரெண்டு மணித்தியாலம் மெல்லிய நெருப்பில அவியுங்கோ, இடைக்கிடை தண்ணி வத்துதோ எண்டு பாத்துக் கொதிதண்ணி விடுங்கோ. தண்ணிக்குள்ள போட்டு அவிக்க வேண்டாம், ருசியெல்லாம் தண்ணிக்குப் போயிடும், அந்தத் தண்ணி சூப்புக்கு நல்லம், இறைச்சி சப்பெண்டு போகும். இளகினாப் பிறகு எடுத்து, சோஸைப் பூசி, கல்லு வைச்சு கம்பி வலை போட்டுச் சிரட்டைக்கரித் தணலில ரெண்டு பக்கமும் வாட்டுங்கோ, ஆனா தணல் வெள்ளைச் சாம்பல் பூத்தாப் பிறகுதான் வைக்க வேணும், சுவாலை எரியேக்க வைச்சால் கரிப்பிடிக்கும். புகைமணத்துக்குப் பாலை விறகுச் சிராய் ரெண்டு போட்டால் காணும். நேர்மையாச் சொன்னால், கரண்ட் ஓவனில செய்யிறத விட உங்கட வீட்டில செய்யிறதுதான் அந்த அமெரிக்கச் சமையலுக்குக் கிட்ட வரும்.

கேள்வி (நீராவிப்பிட்டியில இருந்து ஒரு சகோதரி): நாங்கள் பன்றி சாப்பிடுறேல்ல. ஆட்டிலயும் மாட்டிலயும் இதே முறை சரிவருமோ?

பதில்: சரிவரும். ஆட்டு நெஞ்செலும்பு மெல்லிசு, எங்கட ஊர்க் கிடாயில இறைச்சி குறைவு, ஆனா ருசி கூட. 150 டிகிரியில ரெண்டு மணித்தியாலம், முத்தின ஆடெண்டால் இன்னும் அரை மணித்தியாலம். அதுக்குப் பனங்கட்டியப் பாதியாக் குறைச்சு இஞ்சி, மிளகு, நற்சீரகத்தைக் கூட்டுங்கோ, ஆட்டுக்கு அவ்வளவு இனிப்புப் பொருந்தாது. ஆட்டுக் கொழுப்பு ஆறினால் வாயில கட்டியாகும், அதால சுடச்சுடத்தான் சாப்பிட வேணும். மாட்டுப் பழு எலும்பு பெரிசு, மூண்டரையில இருந்து நாலு மணித்தியாலம் வரைக்கும் எடுக்கும், அமெரிக்காவில டெக்சாஸ் பக்கம் மாட்டுப் பழு எலும்புக்கும் நல்ல பேர், அங்க உப்பும் மிளகும் மட்டும் போட்டுச் செய்யிற ஆக்கள் கனபேர். வினாகிரி பாவிக்க விருப்பமில்லாட்டி தேசிக்காய்ப் புளி விடலாம், அத அடுப்பால இறக்கினாப் பிறகு விடுங்கோ, கொதிச்சால் கைக்கும்.

கேள்வி (ஒட்டுசுட்டானில இருந்து ஒரு ஐயா): காட்டுப்பன்றியில செய்தால் இன்னும் ருசியா இருக்குமே, அதப் பற்றி ஒண்டும் எழுதேல்லயே?

பதில்: ஐயா, காட்டுப்பன்றி ஓடித்திரிஞ்ச உயிர், கொழுப்புக் குறைவு, தசை இறுக்கம். ஓவன் வெக்கையில அது காஞ்சு போகும், அதுக்கு எங்கட ஆக்கள் செய்யிற மாதிரி மிளகும் இஞ்சியும் வறுத்த தூளும் போட்டுச் சட்டியில பிரட்டிற கறிதான் சரி. காட்டு விலங்கில புழுக்கள் இருக்கலாம் எண்டபடியா உள்ளுக்க சிவப்பு ஒரு துளியும் தெரியாத அளவுக்கு வேகவும் வேணும்.

இன்னொண்டையும் இந்த இடத்தில சொல்லத்தான் வேணும். பன்றிவெடி வைச்சுச் சாக்காட்டின பன்றியின்ர இறைச்சிய வாங்காதேங்கோ. தீனிக்குள்ள மறைச்சு வைக்கிற அந்த வெடியக் கடிச்சு வாய் கிழிஞ்ச யானைக்குட்டியள் சாப்பிடவும் ஏலாமல் தண்ணி குடிக்கவும் ஏலாமல் நாள்க்கணக்கில கிடந்து சாகுதுகள், இந்த நாட்டில யானையள் சாகிறதுக்கு அது ஒரு பெரிய காரணம். தோட்டத்தைப் பன்றி உழுதால் வாற நட்டம் எனக்கும் தெரியும், கச்சான் தோட்டம் ஒரே இரவில போனதக் கண்ணால கண்டிருக்கிறன், எண்டாலும் அந்த இறைச்சிய என்ர குசினியில ஏத்த எனக்கு மனம் இடம் குடுக்காது.

கேள்வி (பரந்தனில இருந்து ஒரு தம்பி): இறைச்சி ஓவனுக்க பாதி வெந்துகொண்டிருக்கேக்க கரண்ட் போனால் என்ன செய்யிறது?

பதில்: கதவத் திறக்காதேங்கோ. இறுக்கிச் சுத்தின பேப்பருக்க சூடு கனநேரம் நிக்கும், அரை மணித்தியாலம் முக்கால் மணித்தியாலத்துக்க கரண்ட் வந்தால் அப்பிடியே தொடரலாம், போன நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கோ. அதுக்கு மேல போகுமெண்டால் பேப்பரோட எடுத்து இடியப்பப் பானையில ஆவியில வைச்சு முடியுங்கோ. இளஞ்சூட்டில மணித்தியாலக் கணக்கா விட்டு வைக்கிறதுதான் கூடாது, 60 டிகிரிக்குக் கீழ கிருமி பெருகும்.

கேள்வி (அக்கராயனில இருந்து ஒரு அக்கா): இதுக்குத் தொட்டுக்கொள்ள என்ன வைக்கிறது? சோத்தோட சாப்பிடலாமோ?

பதில்: சோத்தோடயும் சாப்பிடலாம், ஆனா கறி மாதிரிக் குழம்பு இல்லாதபடியா விக்கும், ஒரு சொதி வைச்சால் சரி. எனக்கெண்டால் பாணும் இதுவும்தான் பிடிக்கும், போறணையில இருந்து இறக்கின சூட்டோட இருக்கிற றோஸ் பாண், மிஞ்சின சோஸ், பக்கத்தில மெல்லிசா வெட்டின கோவாவும் கரட்டும் தேசிக்காய்ப் புளியில பிரட்டினது. மாங்காய்க் காலமெண்டால் கறுத்தக்கொழும்பான் காயாக் கிடைக்கும், அத உப்பும் மிளகாயும் போட்டு வையுங்கோ, இனிப்பு இறைச்சிக்கு அந்தப் புளிப்பு நல்லா நிக்கும். இறைச்சிப் பலகைய வடிவாக்க வெட்டிக் கழிச்ச நுனித் துண்டுகள எறியாதேங்கோ அக்கா, அதில மறுநாள் ஒரு பிரட்டல் கறி வரும்.